உங்களுக்குத் தெரியுமா? செம்பரம்பாக்கம் சாலையும் சட்டைப்பை செல்போனும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இடதுகைப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அதே சாலையில் இன்னும் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். 2006இல் நோக்கியா தன் செல்போன் ஆலையை ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. 2014 நவம்பர் 1இல் அங்கே உற்பத்தி நின்றது. பிறகு அந்த வளாகத்தை வாங்கிய சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்கிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. அந்த ஆலைகளுக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் தங்கியிருக்கிறார்கள். உலகத்துக்கே போன் செய்து அனுப்பும் அந்தக் கைகளில் இருக்கும் போனுக்கு என்னென்ன ஆபத்து? இந்த முறை அதைப் பார்ப்போம்.

★

செல்போனில் பரவிய முதல் கணினிப்புழு 2004 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் கபீர். சிம்பியன் மென்பொருளில் ஓடிய நோக்கியா வகை போன்களைக் குறிவைத்து, ப்ளூடூத் வழியாகச் சுமார் 10 மீட்டர் சுற்றளவில் இருக்கும் அடுத்த போனுக்குத் தாவியது. ஆனால் தானாக உள்ளே போய்விட முடியாது. "வந்திருக்கும் கோப்பை ஏற்கவா?" என்று திரையில் கேட்கும். "வேண்டாம்" என்று அழுத்தினால் மறுபடி கேட்கும், மறுபடியும் கேட்கும். சலித்துப்போய் "சரி" என்றவர்களின் போனில்தான் அது குடியேறியது.

இருபது வருடம் கழிந்தும் இந்த வித்தை மாறவில்லை. சாதாரண மனிதரின் போனில் நடக்கும் திருட்டில் பெரும்பகுதி, அவரே அழுத்திய ஒரு "சரி"யில்தான் தொடங்குகிறது.

★

பேருந்து நிலையத்தில், ரயிலில், ஓட்டலில் இருக்கும் யூஎஸ்பி துளையில் சார்ஜ் போட்டால் தகவலைத் திருடிவிடுவார்கள் என்று ஒரு பயம் பரவலாக உண்டு. 2011இல் அமெரிக்காவில் ஹேக்கர்கள் கூடும் டெஃப்கான் மாநாட்டில் இதைச் செய்தே காட்டினார்கள். பழைய யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. தகவல் கம்பியின் மறுமுனையில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஆபத்துதான். ஆனால் 2013 முதல் ஐபோன், "இந்தக் கணினியை நம்பலாமா?" என்று கேட்ட பிறகுதான் தகவலைத் திறக்கிறது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள், நாம் மாற்றாதவரை, சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். புயல் அடித்து இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது கிடைத்த இடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுக் கலங்க வேண்டாம். திரையில் எதையும் அனுமதிக்காமல் இருந்தால் போதும். சொந்த சார்ஜரைச் சாதாரண மூன்று துளை பிளக்கில் செருகினால் இந்தக் கவலையே இல்லை.

இந்தப் பயத்தில் கால்வாசியைச் சிம் கார்டின் பக்கம் திருப்பினால் எவ்வளவோ பணம் தப்பும்.

★

நம் ஊர் போன் உறையைக் கவனித்திருக்கிறீர்களா? புத்தகம் மாதிரித் திறக்கும் ஃபிளிப் கவர். உள்ளே ஒரு பக்கம் போன். மறுபக்கம் ஏடிஎம் கார்டு, நான்காக மடித்த ஆதார் ஜெராக்ஸ், கொஞ்சம் சில்லறை நோட்டு. ஷிப்ட் முடிந்து கூட்டமான பேருந்தில் ஏறும்போது அது பறிபோனால் என்ன ஆகும்?

போனுக்குக் கைரேகைப் பூட்டு இருக்கிறது, திறக்க முடியாது என்று நினைப்போம். திருடன் அதைத் திறக்கவே மாட்டான். ஓர் ஊசியால் சிம் தட்டை வெளியே எடுத்து, சிம்மைத் தன்னுடைய போனில் போடுவான். அதிலிருந்து இன்னொரு எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் உங்கள் நம்பர் தெரிந்துவிடும். இனி உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவன் கையில். யூபிஐ பின்னைப் புதிதாக வைக்க என்ன கேட்கிறார்கள்? பல வங்கிகளில், டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், கார்டு காலாவதியாகும் மாதமும் வருடமும், ஒரு ஓடிபி. ஃபிளிப் கவருக்குள்ளேயே மூன்றுக்கும் வழி இருக்கிறது.

இதற்கு மருந்து சிம் பின். சிம் கார்டுக்கே ஒரு ரகசிய எண் வைக்கும் வசதி அது. செட்டிங்ஸின் தேடும் கட்டத்தில் "சிம் லாக்" என்று அடித்தால் வந்துவிடும். வைத்துவிட்டால், சிம்மை எந்தப் போனில் போட்டாலும் அந்த எண்ணைக் கேட்கும். மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். திறக்க பக் எனப்படும் 8 இலக்க எண் வேண்டும். அதையும் பத்து முறை தப்பாக அடித்தால் சிம் செத்துவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: கம்பெனி முதலில் கொடுத்திருக்கும் பின் எண்ணை ஊகித்து அடிக்காதீர்கள், கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு இது. பட்டன் போன் காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனாலும் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கார்டை உறையிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மறைத்துவிடுங்கள். சிம்மைக் கழற்றாமலே ஓடிபியைப் படிக்க அந்தத் திரை போதும்.

★

*#06# என்று அழுத்திப் பாருங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்தான் உங்கள் போனின் அடையாளம். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். போன் தொலைந்த பிறகு இதைப் பார்க்க முடியாது என்பதால் இன்றே எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

2023 மே மாதம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில், போலீஸ் புகார் நகலையும் இந்த எண்ணையும் கொடுத்தால் அந்தப் போனை நாடு முழுக்க எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாமல் முடக்கலாம். முதலில் வாங்க வேண்டியது டூப்ளிகேட் சிம். பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டுதான் முடக்கும் விண்ணப்பத்தை முடிக்க முடியும். டூப்ளிகேட் கைக்கு வந்ததும் திருடனிடம் இருக்கும் சிம்மும் செத்துவிடும்.

★

அதே தளத்தில் இன்னொரு கதவு: உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. நீங்கள் வாங்காத எண் பட்டியலில் இருந்தால் "இது என்னுடையதல்ல" என்று அங்கேயே புகார் செய்யலாம்.

★

நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்கிறவர்களுக்குப் போக்குவரத்து அபராதச் செய்தி புதிதல்ல. அதனால்தான் இந்த மோசடி இங்கே எளிதாகப் பலிக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு தகவல்: "உங்கள் வண்டிக்குச் சலான் போடப்பட்டுள்ளது, விவரம் இணைப்பில்." இணைப்பைத் தொட்டால் ஏபிகே என்று முடியும் ஒரு கோப்பு இறங்கும். அது படமும் இல்லை, பிடிஎஃப் ரசீதும் இல்லை. முழு ஆண்ட்ராய்டு செயலி.

2024இல் கிளவுட்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதைப் பிரித்துப் பார்த்தது. பின்னால் இருந்தது வியட்நாமைச் சேர்ந்த ஒரு கும்பல். செயலி முதலில் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிறது. அடுத்து அழைப்புகள், அடுத்து குறுஞ்செய்தி. கடைசியில், "உங்கள் எஸ்எம்எஸ் செயலியாக என்னையே வைத்துக்கொள்" என்கிறது. அதற்கும் "சரி" சொல்லிவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

இந்த வகை ஏபிகே பலவும், பிடித்த போனில் இருக்கும் தொடர்புகளுக்கெல்லாம் தன்னையே அனுப்பிக்கொள்ளும். ஆகவே அது தெரியாத எண்ணிலிருந்து வரும் என்று நினைக்காதீர்கள். மாமா நம்பரிலிருந்து வரும், தெரு குரூப்பில் வரும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும், வங்கி கேஒய்சி என்ற பெயரிலும் வரும். 2021 செப்டம்பரில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு எச்சரித்த ட்ரினிக் என்ற வைரஸ், வருமான வரித்துறையின் பெயரில் வந்தது.

செட்டிங்ஸில் "ஆக்சசிபிலிட்டி" என்று ஒன்று உண்டு. பார்வையற்றவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் உதவ உருவான அருமையான வசதி. அந்த அனுமதியைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தும். சலான் பார்க்கும் செயலிக்கு அது எதற்கு? இந்த ஒரு கேள்வி பல குடும்பங்களைக் காப்பாற்றும்.

தெரியாமல் இறக்கிவிட்டால் உடனே ஃப்ளைட் மோடைப் போடுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள். பிறகு அந்தச் செயலியை நீக்குங்கள். நீக்க முடியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட்தான் வழி. உண்மையில் சலான் இருக்கிறதா என்பதை அரசின் இ-சலான் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.

★

வீட்டில் புதுப் போன் வந்தால் பழைய போன் யாருக்குப் போகிறது? பெரும்பாலும் பாட்டிக்கு. அல்லது ஓய்வூதியம் வாங்கும் தாத்தாவுக்கு.

2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை ஆண்ட்ராய்டில் வெளிப்பட்டது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழைய முடியும் என்று தெரிந்ததும் உலகமே அதிர்ந்தது. அந்த ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் அந்தத் திருத்தம் சில வருடங்களுக்குத்தான் வரும். அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை எதுவும் அந்தப் போனில் அடைபடாது. ஆக, வீட்டிலேயே ஓட்டை அதிகமுள்ள போன், சேமிப்பு மொத்தத்தையும் ஒரே கணக்கில் வைத்திருப்பவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. இதை நாம் யோசிப்பதே இல்லை.

"அபௌட் போன்" பகுதியில் "செக்யூரிட்டி அப்டேட்" தேதியைப் பாருங்கள். ஒன்றிரண்டு வருடம் பழையதாக இருந்தால் அந்தப் போனில் வங்கிச் செயலி வேண்டாம். தாத்தா பேசட்டும், பாட்டுக் கேட்கட்டும், பேரன் பேத்தியை வீடியோவில் பார்க்கட்டும். பென்ஷன் கணக்கோடு இணைத்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வைப்பது உத்தமம்.

★

"பழைய செல்போன், உடைஞ்ச செல்போன் வாங்குறோம், பிளாஸ்டிக் சாமான் தர்றோம்" என்று தெருவில் குரல் கேட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 2024 ஆகஸ்டில் தெலங்கானாவின் ராமகுண்டம் போலீசார், இப்படி ஊர் ஊராகச் சேகரித்த சுமார் 4,000 பழைய போன்களோடு ஒரு கும்பலைப் பிடித்தார்கள். அவை சைபர் மோசடிக்காரர்களின் கைக்குப் போகவிருந்தன. உங்கள் பெயரில் பில் போட்ட போன் யாரோ ஒருவரின் மோசடியில் சிக்கினால் முதல் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும். போன் செத்திருந்தாலும் மெமரி கார்டையும் சிம்மையும் எடுக்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரசீது தரும் கடையில் கொடுங்கள்.

★

ரிப்பேர் கடையில், "பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். சாம்சங் போன்களில் "மெயின்டனன்ஸ் மோட்", பிக்சலில் "ரிப்பேர் மோட்" உண்டு. போட்டுவிட்டால் கடைக்காரர் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது.

★

"அம்மா, கூரியர்ல இருந்து பேசுறோம். உங்க பார்சல் நிக்குது. டெலிவரி பையனோட லைன் கிடைக்கணும்னா *21* போட்டு இந்த நம்பரை அடிங்க." அடித்தால் பார்சல் வராது. உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். *21*, நம் நாட்டில் *401* ஆகியவை கால் ஃபார்வர்டிங் குறியீடுகள். வாட்ஸ்அப் தன் சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பிலும் சொல்லும் என்பதால், அழைப்பைத் திருப்பியவர் உங்கள் வாட்ஸ்அப்பையும் தன் போனில் திறந்துவிடுவார். பிறகு உங்கள் தங்கையிடம் உங்கள் பெயரிலேயே, "அவசரம், பத்தாயிரம் அனுப்பு" என்று கேட்பார்.

இந்த மோசடி பெருகியதால் 2024 ஏப்ரல் 15 முதல் *401# வழி ஃபார்வர்டிங்கை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் கும்பல்கள் வேறு வழி தேடிக்கொண்டே இருக்கின்றன. *#21# அழுத்தினால் உங்கள் அழைப்பு எங்காவது திரும்புகிறதா என்று தெரியும். ##002# எல்லாவற்றையும் ரத்து செய்யும். வாட்ஸ்அப்பில் "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்" பின் வைத்துவிட்டால் சரிபார்ப்பு எண் கிடைத்தாலும் உள்ளே நுழைய முடியாது.

★

குறுஞ்செய்தி அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 2025 மே முதல் அதற்குப் பொருள் உண்டு. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. சாதாரண மொபைல் எண்ணிலிருந்து "உங்கள் வங்கி" பேசினால் நம்பிவிடாதீர்கள். வங்கிகளின் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வங்கிகளின் இணைய முகவரியும் டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும். ரிசர்வ் வங்கி அதற்கு வைத்த கெடு 2025 அக்டோபர் 31.

★

பணம் உங்களுக்கு வர வேண்டும் என்றால் யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். டீக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் கடை திறந்ததும் க்யூஆர் ஸ்டிக்கரை விரலால் தடவிப் பாருங்கள், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று. வாடிக்கையாளர் காட்டும் "பேமென்ட் சக்ஸஸ்" திரையை நம்ப வேண்டாம். பணம் வந்ததை அறிவிக்கும் உங்கள் ஒலிப்பெட்டி தொகையைச் சொன்னால்தான் பணம் வந்தது.

★

வடகிழக்குப் பருவமழை வந்தால் ஏரியோடு சேர்ந்து வதந்தியும் நிரம்பும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டதைப் பார்த்த ஊர் இது. அடையாற்றின் கரையில் வீடு இழந்தவர்கள் அந்த இரவை மறக்க மாட்டார்கள். அதனால்தான் "ஏரி உடைந்துவிட்டது" என்று ஒரு ஃபார்வர்டு வந்தால் கை தானாக அதைத் தொடுகிறது. அந்தப் பதற்றத்தைத்தான் மோசடிக்காரர்கள் நம்பியிருக்கிறார்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, முழு ஆழம் 24 அடி. அன்றாட நீர்மட்டத்தைச் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் போடுகிறது. அதற்கு எந்தச் செயலியும் இறக்க வேண்டாம்.

நிவாரணமும் லிங்க் வழியாக வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கான 6,000 ரூபாய், ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து ரொக்கமாகத் தரப்பட்டது. அதே வருடம் செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, அதன் பெயரில் ஓடிபி கேட்டு அழைப்பு வந்தால் சொல்லாதீர்கள் என்று அதிகாரிகளே எச்சரிக்க வேண்டியிருந்தது.

★

அவசரத்துக்கு ஐயாயிரம் வேண்டும், கேட்க ஆளில்லை. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு லோன் ஆப் கைகொடுப்பது போலத் தெரியும். பல ஆப்கள் கடன் கொடுக்கும் முன்பே தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொள்ளும். பிறகு, அந்தப் படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டும். 2021 ஜனவரியில் சென்னை போலீசார் இப்படி ஒரு வழக்கில் சீனர்கள் இருவரைப் பெங்களூருவில் கைது செய்தார்கள். 2022 செப்டம்பர் 2ஆம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் தொடவே கூடாது. கேட்கிறது என்றால் அது சட்டத்துக்கு வெளியே இருக்கும் ஆப். சிக்கிக்கொண்ட பிள்ளை யாராவது இதைப் படித்தால்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. வீட்டில் சொல்லுங்கள், புகார் கொடுங்கள்.

★

கோடு இழுத்துத் திறக்கும் பேட்டர்ன் பூட்டைவிட 6 இலக்க எண் நல்லது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு திரையில் விட்ட தடத்தைப் படமெடுத்தே பேட்டர்னைக் கண்டுபிடிக்கலாம் என்று 2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

★

தொடாமலே நுழையும் பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளும் உண்மைதான். 2019இல் வாட்ஸ்அப் வழியாக உலகெங்கும் சுமார் 1,400 பேரின் போன்கள் குறிவைக்கப்பட்டன. 2021இல் நம் உச்ச நீதிமன்றமே இது குறித்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. அது அரசுகளுக்கு விற்கப்படும் விலை உயர்ந்த ஆயுதம். பத்திரிகையாளர்களும் மனித உரிமைப் போராளிகளும் அதற்காகக் கவலைப்படத்தான் வேண்டும். சம்பளக் கணக்கைக் குறிவைப்பவனுக்கு ஓர் ஏபிகே கோப்பே போதும்.

★

பணம் போய்விட்டால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதி உங்கள் பக்கம் நிற்கிறது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணம் என்றால், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது உங்களுடையது, அதன்பின் போவது வங்கியுடையது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான்.

அழைக்க வேண்டிய எண் 1930. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ, அங்கிருந்து அடுத்து எங்கே தாவியதோ, அந்த வங்கிகளில் தொகையை நிறுத்திவைக்க அங்கிருந்தே தகவல் போகும். வங்கிப் பெயர், கணக்கு எண், நேரம், தொகை, 12 இலக்க யூடிஆர் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதலில் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டாம், முதலில் 1930. எழுத்துப்பூர்வப் புகாரை ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவிலோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ பிறகு கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

1930ஐ இப்போதே உங்கள் போனில் பதிந்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனிலும், வேலைக்கு வந்து பக்கத்து அறையில் தங்கியிருக்கும் பிள்ளையின் போனிலும் நீங்களே பதிந்து கொடுங்கள்.